ரெமிக்காக ஒரு சுத்தபோசனம்

எனக்குப் பொய் சொல்ல வராது. பெருமைக்குச் சொல்லவில்லை, அதனால் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கல்யாணமாகி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, என் மாமியார் பெர்னதெத் ஆட்டுக்கறிக் குழம்பு வைத்து, "உப்பு இருக்குதா சொல்லும்மா" என்று என்னைக் கேட்டார். வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் சப்புக்கொட்டித் தின்றுகொண்டிருந்தார்கள். நான் "இல்ல அத்தை" என்றேன். இல்லைதான், சத்தியமாக இல்லை. ஆனால் சபையே கப்சிப் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு பல வருஷம் அத்தை என்னிடம் உப்பைப் பற்றிக் கேட்கவே இல்லை.

ஏற்கெனவே நான் சி.எஸ்.ஐ. பெண், பிராட்டஸ்டன்ட். அவர்கள் கத்தோலிக்கர்கள். காதல் கல்யாணம். பெங்களூர் நீலசந்திராவில் அந்தத் தெருவில் இருக்கிற எல்லா வாய்க்கும் இது போதும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? நான் மூட முயற்சி செய்யவும் இல்லை, என் வாயையும் மூடவில்லை.

என் வீட்டுக்காரன் ரெமிஜியஸ், எல்லாருக்கும் ரெமி, ஹெப்பகோடியில் ஒரு கம்பெனி டூல் ரூமில் வேலை பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஃபுட்பால். தொண்ணூற்றேழு ஆகஸ்டில், ஆஸ்டின் டவுன் கிரவுண்டில், ஆட்டத்தின் நடுவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவன் கூட்டாளி ஆம்ப்ரோஸ் ஓடிப் போய் சோடா வாங்கி வந்தான். "கேஸ் மச்சி, காலையில பூரி தின்னியா?" என்று முதுகைத் தட்டினான். சோடா குடித்தும் ஏப்பம் வரவில்லை. சட்டை பிழிகிற மாதிரி நனைந்திருந்தது. நல்லவேளை, ஆம்ப்ரோஸுக்கே பயம் வந்து ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனான். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார்கள். ஹார்ட் அட்டாக். வயது இருபத்தொன்பது.

தெரு சும்மா இருக்குமா? குடிப்பான் என்றார்கள். ரகசியமாக சிகரெட் பிடிப்பான் என்றார்கள். பொண்டாட்டி கொடுக்கிற டென்ஷன் என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். "ஆமா, உங்க வீட்டுக்காரர் திடகாத்திரமா இருக்கறதைப் பாத்தா நீங்க வாயே திறக்க மாட்டீங்க போல" என்றேன். அவள் அப்புறம் என்னைப் பார்த்தால் எதிர்ச் சந்தில் போய்விடுவாள்.

டாக்டர் சௌம்யா மட்டும்தான் அதையெல்லாம் சொல்லவில்லை. அவர் மல்லேஸ்வரத்துத் தமிழ்க்காரர். என்னை விடக் கொஞ்சம்தான் பெரியவராக இருப்பார். அடைப்பைக் கரைக்க ஊசி போட்டு, ரெமி கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்ட பிறகு என்னை அழைத்து உட்கார வைத்தார்.

"கொலஸ்டிரால் சரியா இருக்கு. சுகர் இல்லை. சிகரெட்டும் இல்லேங்கறார். ரத்தக் குழாய்ல அழுக்கு படிஞ்சிருந்தா புரியும், அதுவும் இல்லை. ஆனா ரத்தம் கட்டியா உறைஞ்சு வந்து அடைச்சிருக்கு. இதுக்கு முன்னாடி எப்பவாவது கால் வீங்கித்தா?"

வீங்கியது. எங்கள் கல்யாணத்துக்கு முன்பு இடது கெண்டைக்கால் கல் மாதிரி வீங்கி, ஃபுட்பாலில் யாரோ உதைத்தது என்று எண்ணெய் போட்டு நீவிக்கொண்டிருந்தார்கள். அதைச் சொன்னதும் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ரத்தம் எடுத்து அனுப்பினார். சில வாரம் விட்டு மறுபடியும் எடுத்தார். இரண்டு தடவையும் ஒரே பதில் வந்தது. ஆன்டிபாஸ்போலிப்பிட் சின்ட்ரோம்.

"உடம்பைக் காவல் காக்கற எதிர்ப்பு சக்தி, எதிரி யாருன்னு தெரியாம சொந்த உடம்பு மேலயே பாயறது. அதனால ரத்தம் தேவையில்லாத நேரத்துல உறையறது. இவர் தப்பு எதுவும் பண்ணலை. சின்ன வயசுல அட்டாக் வந்தா இதையும் தேடிப் பார்க்கணும், நிறையப் பேர் தேடறதில்லை" என்றார்.

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. இவர் தப்பு எதுவும் பண்ணவில்லை என்று யாராவது சொல்ல வேண்டும் என்றுதான் அத்தனை நாளும் காத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

ரெமிக்கு அந்த நோயின் பெயர் வாயில் நுழையவில்லை. "அந்த ஆன்டி" என்றுதான் சொல்லுவான். "ஆன்டி என்னை வுட மாட்டா யூனி, லைஃப் லாங்." யூனி நான்தான். விடமாட்டாள்தான். ஆயுசுக்கும் ரத்தத்தை இளக வைக்கிற மாத்திரை. ஐ.என்.ஆர். என்று ஒரு டெஸ்ட். அந்த எண் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்க வேண்டும். இறங்கினால் ரத்தம் உறையும், ஏறினால் கசியும். இதயத்தில் ஒரு பக்கம் ஏற்கெனவே கெட்டுப் போயிருந்தது. "இன்னொண்ணு வந்தா இந்த ஹார்ட் தாங்காது" என்று டாக்டர் என்னிடம் மட்டும் சொன்னார். நான் போய் ரெமியிடம் சொல்லிவிட்டேன். சொன்னேனே, எனக்கு மறைக்க வராது.

டிஸ்சார்ஜ் அன்று சாப்பாட்டைப் பற்றியும் என்னிடம் சொன்னார். "கீரை சாப்பிடலாம். ஆனா எப்பவும் போல ஒரே அளவு. திடீர்னு கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. கீரைக்கும் இந்த மாத்திரைக்கும் ஆகாது." அத்தையிடம் இதை ஒப்பித்தேன். அத்தை தலையாட்டினார். அத்தை எதற்கும் தலையாட்டுவார். அது காதில் விழுந்ததற்கு அடையாளம் இல்லை. ஆனாலும் நான் கவலைப்படவில்லை. எங்கள் வீட்டில் ஞாயிறு ஆடு, புதன் மாடு, வெள்ளி மீன். கீரை என்பது எப்போதாவது வழி தவறி வருகிற விருந்தாளி.

ஆனால் அந்த ஆகஸ்டிலேயே, ஐ.சி.யு. வாசலில், அத்தை ஒரு காரியம் செய்திருந்தார். விவேக்நகர் குழந்தை இயேசு கோயில் எந்தத் திசை என்று வார்டு பாயைக் கேட்டு, அந்தப் பக்கம் திரும்பி முழங்கால் போட்டார். "என் புள்ள எழுந்து நடந்துட்டா, வர்ற தவக்காலம் பூரா நானும் அவனும் சுத்தபோசனம். வெள்ளிக்கிழமை மட்டும் இல்ல, ஈஸ்டர் வரைக்கும் எல்லா நாளும்" என்று சத்தமாகவே நேர்ந்துகொண்டார். கறி மீன் தொடாத சாப்பாட்டைத்தான் சுத்தபோசனம் என்பார்கள். எங்கள் சர்ச்சில் அதை லெந்து நாட்கள் என்போம். எங்களுக்கு அப்போது பாட்டு உண்டு, பட்டினி கிடையாது. மகனுக்கும் சேர்த்து இவர் எப்படி நேரலாம் என்று எனக்குத் தோன்றியது. அந்த இடத்தில் மட்டும் சொல்லவில்லை.

அடுத்த பிப்ரவரியில் சாம்பல் புதன் வந்தது, தவக்காலம் தொடங்கியது. வீட்டிலிருந்து கறிச்சட்டி பரணுக்குப் போனது.

நான் இன்ஃபன்ட்ரி ரோட்டில் ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் டிக்கெட் போடுகிற வேலையில் இருந்தேன். ரெமி விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்குப் போய்விட்டு மாலையில் வந்துவிடுவான். நான் வர ராத்திரி ஆகும். மதியம் சிவாஜிநகரில் பிரியாணி தின்பேன். ஒளித்துத் தின்னவில்லை, வீட்டுக்கு வந்து "இன்னிக்கு பிரியாணி சுமார்தான் அத்தை" என்று சொல்லியும் விடுவேன். அத்தை சிலுவை போட்டுக்கொள்வார். ராத்திரி எனக்குச் சாம்பாரும் உருளைக்கிழங்கும் எடுத்து வைத்திருப்பார். எனக்குக் கீரை ஆகாது. சின்ன வயதிலிருந்தே வாயில் வைத்தால் குமட்டும். ஞாயிறு மதியம் மட்டும் அவர்கள் இரண்டு பேர் தட்டிலும் கீரை பார்ப்பேன்; வாரம் ஒரு கீரை, அதில் என்ன என்று விட்டுவிடுவேன்.

மார்ச்சில் டெஸ்ட் எடுத்தபோது எண் ஒன்றரைக்கும் கீழே இறங்கியிருந்தது.

"மாத்திரையை விட்டுட்டீங்களா?" என்று டாக்டர் ரெமியைக் கேட்டார்.

"இல்ல மேடம், காட் ப்ராமிஸ்."

டாக்டர் நம்பாத முகத்தோடு மாத்திரை அளவைக் கூட்டினார். நான் சுத்தமாக நம்பவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஆட்டோவிலேயே அவனைக் கிழித்தேன். "சாகணும்னா சொல்லிட்டுச் சாவு. கறுப்பு டிரஸ் தைக்கக் குடுக்கணும்" என்றேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தார். அன்றிலிருந்து மாத்திரையை நானே கையில் கொடுத்து, விழுங்கின பிறகு வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பேன். "இன்னாடி, போலீஸ் மாதிரி பேஜார் பண்றே" என்று நாக்கை நீட்டிக் காட்டுவான். அடுத்த டெஸ்டில் எண் கொஞ்சம்தான் அசைந்திருந்தது. டாக்டர் இன்னும் கூட்டினார். எனக்குக் கோபம் போய்ப் பயம் வந்துவிட்டது. என் கண் முன்னால்தான் விழுங்குகிறான். பிறகு அந்த மாத்திரை எங்கே போகிறது?

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலில் சிலுவைப்பாதை. நானும் ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்து கூடப் போயிருந்தேன். எல்லார் கையிலும் மெழுகுவத்தி. நடுவில் ரெமியின் வலது கையிலிருந்து மெழுகுவத்தி நழுவி விழுந்தது. அவன் குனிந்து எடுக்கவில்லை. தன் கையையே, யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றான். "ரெமி?" என்றேன். வாய் ஒரு பக்கம் இழுத்தது, சத்தம் வந்தது, சொல் வரவில்லை. முழங்காலில் இருந்த அத்தை எழுந்திருக்க முடியாமல் தரையைப் பிடித்துக்கொண்டு "சேசுவே, சேசுவே" என்றார்.

ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் பேச்சு திரும்பிவிட்டது. "மெழுகுவத்தி யார் மேலயாவது விழுந்துச்சா?" என்றுதான் முதலில் கேட்டான், மடையன். டாக்டர் சௌம்யா உள்ளே சேர்த்து, ரத்தத்தை இளக்குகிற ஊசியை உடனே ஆரம்பித்தார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்று நான் மூச்சு விட்டேன். அவர் விடவில்லை.

"இது ஒரு எச்சரிக்கை. இன்னிக்கு மூளைக்குப் போன சின்னக் கட்டி தானா கரைஞ்சுடுத்து. அடுத்தது ஹார்ட்டுக்குப் போனா நம்ம கையில இல்லை. சாப்பாட்டுல ஏதாவது மாத்தினீங்களா?"

"லெந்து டாக்டர். கறி மீன் இல்ல."

"அது பரவாயில்லை. கீரை?"

"ஞாயித்துக்கிழமை மட்டும்" என்றேன். எனக்குத் தெரிந்த உண்மை அதுதான்.

மறுநாள் காலை, அத்தையை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, ரெமிக்கு மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். வாசலில் கூடையை இறக்கி வைத்துக்கொண்டு ராதம்மா உட்கார்ந்திருந்தாள். தினமும் தெருவில் கீரை விற்கிறவள். நான் ஆபீஸுக்கோ சர்ச்சுக்கோ போன பிறகுதான் எங்கள் வாசலுக்கு வருவாள்.

"ஏனம்மா, அஜ்ஜி எல்லி? தினா ஐது கட்டு சொப்பு அவ்ரிகே அந்தா எத்திட்டிர்தீனி" என்றாள்.

சொப்பு என்றால் கீரை. பாட்டி எங்கே, தினமும் அவருக்கென்று ஐந்து கட்டு எடுத்து வைக்கிறேனே என்கிறாள். இரண்டு பேர் சாப்பிடுகிற வீட்டுக்கு ஐந்து கட்டு! நான் அவளைத் தாண்டி சமையலறைக்கு ஓடினேன். மூலையில் முருங்கைக் காம்பு ஒரு குவியல். சட்டியில் முந்தின நாள் பசலைக்கீரைக் கடைசல். ஃபிளாஸ்கைத் திறந்தால், ரெமிக்கு மாலையில் கொடுக்கிற சூப், அதுவும் பச்சை. கழுவிக் கவிழ்த்த டிபன் கேரியரின் அடித்தட்டில்கூடக் கீரை வாசனை போகவில்லை. கறியைத் தவிர வேறு சமைத்துப் பழகாத கை. கறி இல்லாத பிள்ளைக்குச் சத்து எங்கிருந்து வரும் என்று தெருவைக் கேட்டிருக்கிறது. ஹார்ட்டுக்குக் கீரைதான் நல்லது என்று தெரு சொல்லியிருக்கிறது. ரெமியும் அம்மா வைத்ததைக் கேள்வி கேட்காமல் தின்றிருக்கிறான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நான் ரெமியின் நாக்கைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

துணி எடுக்க மறந்துபோய் ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் அத்தையிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். 'உங்க நேர்ச்சைதான் உங்க புள்ளையைக் கொல்லப் பாத்துச்சு.' நல்ல வாக்கியம். ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை.

முதலில் டாக்டரிடம் போனேன். அவர் நாற்காலியில் சாய்ந்து, "அப்பாடா, கெடச்சுது" என்றார். "நான் மாத்திரையை ஏத்த ஏத்த, கீரை அதை இறக்கிண்டே இருந்திருக்கு. வீட்டுக்குப் போய்க் கோபத்துல ஒரேயடியா நிறுத்திடாதீங்க. இப்ப இவர் திங்கற மாத்திரை அஞ்சு கட்டுக் கீரைக்கு ஏத்த மாத்திரை. கீரை போனா மாத்திரையும் இறங்கணும், இல்லேன்னா ரத்தம் கசியும். இங்கயே வெச்சு ரெண்டையும் சேர்த்து சரி பண்றேன்."

அத்தை வராந்தா பெஞ்சில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தார். ராத்திரி முழுக்கத் தூங்காத கண்.

"அத்தை, ரெமிக்கு இனிமே அவ்வளவு கீரை வேணாம்னு டாக்டர் சொல்றாங்க. கறியும் குடுக்கலாம்."

அத்தைக்குச் சுருக்கென்று வந்தது. "தெரியும்டி, நீ இதைத்தான் சொல்லுவே. உங்க கோயில்ல ஒருபொழுது மட்டும் சாப்புடற ஒருசந்தி கிடையாது, சுத்தபோசனம் கிடையாது. லெந்துல பிரியாணி துன்றவங்க நீங்க. நான் டாக்டருக்கா நேர்ந்தேன்? ஆண்டவருக்கு நேர்ந்தேன்."

"மதத்துக்கும் இதுக்கும் ஒண்ணும் இல்ல அத்தை! கீரைல இருக்கற சத்து அந்த மாத்திரையை வேலை செய்ய விடாதாம். ரத்தம் உறைஞ்சு போவுதாம். நான் அன்னிக்கே சொன்னேன்."

கத்திவிட்டேன். வராந்தாவில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அத்தைக்கு ஜெபமாலை மணியில் விரல் நின்றுவிட்டது. எனக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டார்.

"அப்ப, நேத்து அவன் மெழுகுவத்தி விழுந்துச்சே. அது என் கையாலதானா?"

என் வாக்கியம் தயாராக இருந்தது. அதைச் சொல்லக்கூட வேண்டாம். "ஆமாம்" என்றால் போதும். அத்தையின் உள்ளங்கை மடியில் மலர்ந்து கிடந்தது. கீரை ஆய்ந்து ஆய்ந்து நகக்கண் எல்லாம் பச்சைக் கறை.

"இல்ல அத்தை" என்றேன். "மாத்திரை பழசு. டேட் முடிஞ்ச அட்டை. நான்தான் பாக்காம வாங்கிட்டேன். டாக்டர் இப்பத்தான் கண்டுபுடிச்சாங்க. கீரை இனிமேலுக்குத்தான் ஜாக்கிரதையா இருக்கணுமாம்."

காது மடல் சுட்டது. அத்தை என் முகத்தைப் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

"இனிமே பாத்து வாங்கு" என்றார்.

பிற்பகல் பங்குச் சாமியார் நன்மை, அதாவது நற்கருணை, கொடுக்க வந்தார். நோயாளிக்கு ஒருசந்தியும் இல்லை, சுத்தபோசனமும் இல்லை, திருச்சபையே விலக்கு கொடுத்திருக்கிறது என்று அத்தையிடம் சொன்னார். அவர் போன பிறகும் அத்தைக்கு மனம் ஆறவில்லை. "அவனுக்கு விலக்கு சரி. ரெண்டு பேருன்னு நேர்ந்தேனே. பாதியில நிறுத்துனா அவனுக்கு எதுனா ஆயிடுமோ?"

"ஏன், வீட்டுல ஆளா இல்ல? அவன் பங்கை நான் துன்றேன்" என்றேன்.

"நீயா? உனக்குக் கீரைன்னா குமட்டுமே."

"குமட்டட்டும்."

சொல்வது சுலபம். ஈஸ்டர் வரைக்கும் தினமும் என் தட்டில் கீரை. முருங்கை, பசலை, தண்டுக்கீரை, பெயர் தெரியாத எதையெதையோ ராதம்மா கொண்டு வந்து இறக்கினாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினேன். மதியத்துக்கும் டிபனில் கீரைதான். சிவாஜிநகர் பிரியாணிக் கடைப் பக்கம் போகாமல் வேறு தெருவைச் சுற்றி பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். வீடு திரும்பியிருந்த ரெமி எனக்கு எதிரில் உட்கார்ந்து முட்டைப் பொரியல் தின்றபடி, "எங்க, வாயைத் திற, முழுங்கிட்டியா பாக்கலாம்" என்பான். பெரிய வெள்ளிக்கு முன்பு எடுத்த டெஸ்டில் எண் இரண்டரையில் நின்றது. டாக்டர் சௌம்யா அதைப் படித்துச் சொன்னபோது நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஈஸ்டர் அன்று பரணிலிருந்து கறிச்சட்டி இறங்கியது. ஆம்ப்ரோஸ் வந்திருந்தான். ரெமி சாப்பாட்டுக்கு முன்பே இரண்டு துண்டு திருடித் தின்றுவிட்டான். அத்தை கரண்டியில் ஒரு துண்டை எடுத்து, மகன் தட்டைத் தாண்டி, என் தட்டில் வைத்தார்.

"உப்பு இருக்குதா சொல்லும்மா" என்றார்.

இத்தனை வருஷம் கழித்துக் கேட்கிறார். வாயில் வைத்தேன். உப்பே இல்லை.

"இருக்கு அத்தை. கரெக்டா இருக்கு."

அத்தை உப்புச் சாடியை எடுத்து என் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"இதோட ரெண்டு பொய்" என்றார்.